குழந்தைக்கு ஆட்டிசம்... அம்மாவுக்கு ஏன் மார்பகப் பரிசோதனை? 'பி-டென்' மரபணு சொல்லும் கதை!

குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போனால் எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு டேப்பை எடுத்து தலையைச் சுற்றி அளப்பார்கள். எடை எவ்வளவு ஏறியிருக்குன்னு கேட்கிற நாம, அந்தத் தலைச் சுற்றளவு என்னன்னு பெரும்பாலும் கேட்பதில்லை. பாட்டி மட்டும், "எங்க வீட்ல எல்லாருக்குமே பெரிய தலைதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஒற்றை அளவு, சில குடும்பங்களில் இரண்டு பேருடைய வாழ்க்கைக்குத் துப்பு கொடுக்கிறது. ஒருவர், ஆட்டிசம் உள்ள குழந்தை. இன்னொருவர், அந்தக் குழந்தையைப் பெற்ற அம்மா. குழந்தையின் தலை அளவில் தொடங்கும் விசாரணை, 'அம்மா மார்பக எம்.ஆர்.ஐ எடுத்துக்கணும்' என்ற இடத்தில் போய் முடியலாம்.

ஆட்டிசத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்னங்க சம்பந்தம்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போறோம்.

முதலில் பதற்றத்தைக் குறைச்சுக்கலாம்!

உங்க வீட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், மேலே படித்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பெற்ற எல்லா அம்மாக்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆட்டிசம் இருந்தாலே புற்றுநோய் வரும் என்பதும் இல்லை. நாம் பேசப்போவது 'பி-டென்' என்ற ஒரே ஒரு மரபணுவைப் பற்றி. ஆட்டிசம் உள்ளவர்களில் மிகச் சிறிய பங்கினருக்குத்தான் இந்த மரபணுவில் மாற்றம் இருக்கிறது. ஆனால், அந்தச் சிலருக்கு இந்தத் தகவல் உயிர் காக்கும் தகவல். அதனால்தான் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

1943-ல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு

ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் கண்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கேனர். 1943-ல் வெளியான அவருடைய கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் பேசும் விதம், தனியாக இருக்க விரும்புவது, ஒரே மாதிரியான பழக்கங்கள் என எல்லாவற்றையும் பதிவுசெய்த அவர், போகிறபோக்கில் இன்னொன்றையும் குறித்துவைத்தார். அந்த 11 பேரில் 5 பேருக்குத் தலை கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தக் குறிப்புக்கு ஒரு விடை கிடைக்க 60 வருஷத்துக்கு மேல் ஆனது.

அம்மா மேல் விழுந்த பழி

இடைப்பட்ட காலத்தில் நடந்தது கொடுமை. 'அம்மா பாசமாக இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிவிட்டது' என்ற கருத்து 1950, 60-களில் மேற்கு நாடுகளில் பரவலாக இருந்தது. இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு 'ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்' என்று பெயரே வைத்தார்கள். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த பெண்களின் தலையில் இன்னொரு பாரம்.

அந்தப் பழியை உடைத்ததில் பெரிய பங்கு 1977-ல் வந்த ஓர் ஆய்வுக்கு உண்டு. சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட 11 ஜோடிகளில், 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். சாதாரண இரட்டையர்களான 10 ஜோடிகளில், ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால், ஒரே வீட்டில் ஒன்றாக வளரும் இந்த இரண்டு வகை இரட்டையர்களுக்கும் நடுவே இப்படியொரு வித்தியாசம் வருமா?

2019-ல் 5 நாடுகளைச் சேர்ந்த சுமார் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு, ஆட்டிசம் வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 80 சதவிகிதம் மரபு சார்ந்தது என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டே, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 102 மரபணுக்களின் பட்டியலை இன்னொரு பெரிய ஆய்வு வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர்தான் பி-டென்.

புற்றுநோய்ப் பக்கத்திலிருந்து வந்த கதை

ஆனால், ஆட்டிசத்தைத் தேடிப்போய் பி-டென்னைக் கண்டுபிடிக்கவில்லை. அது புற்றுநோய் ஆய்வில் கிடைத்த மரபணு.

1963-ல் ஒரு இளம்பெண்ணின் உடல்நிலையைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். தோலிலும் வாயிலும் சின்னச் சின்ன முடிச்சுகள், தைராய்டு வீக்கம், மார்பகத்தில் கட்டிகள். ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை இடத்தில் பிரச்னை? அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரையே வைத்து அதற்கு 'கௌடன் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். அவர் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார்.

1997-ல் அமெரிக்காவில் தனித்தனியாக வேலை செய்த ஆய்வுக் குழுக்கள், 10-வது குரோமோசோமில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தன. மூளைக்கட்டி, மார்பகக் கட்டி, புராஸ்டேட் கட்டி எனப் பலவற்றில் அது சிதைந்திருந்தது. அதுதான் பி-டென். அதே வருஷம், கௌடன் சிண்ட்ரோம் உள்ள குடும்பங்களில் பிறவியிலேயே இந்த மரபணுவில் மாற்றம் இருப்பதும் உறுதியானது.

அப்படி என்ன வேலை செய்யுது இந்த மரபணு?

ஒரே வரியில் சொன்னால், பிரேக்!

நம் உடலில் ஒவ்வொரு செல்லுக்கும் 'வளரு, பெருகு' என்று கட்டளைகள் வந்துகொண்டே இருக்கும். வளர்கிற குழந்தைக்கு அது வேணும். ஆறுகிற புண்ணுக்கும் வேணும். ஆனால், வேலை முடிந்ததும் அந்தக் கட்டளையை அழிக்க ஆள் வேண்டுமே... கட்டளை செல்லுக்குள் போகும் பாதையில் உட்கார்ந்து அதை அழிப்பதுதான் பி-டென் மரபணு தயாரிக்கும் புரதத்தின் வேலை.

நம் எல்லோரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகள் இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிறவியிலேயே ஒன்று பழுதாக இருந்தால், பிரேக் பாதி பலத்தில்தான் பிடிக்கும்.

மார்பகத்தில் இருக்கும் ஒரு செல்லில், வாழ்நாளில் எப்போதாவது அந்த மிச்சமிருக்கும் பிரதியும் கெட்டுப்போனால்? பிரேக்கே இல்லாமல் செல் பெருக ஆரம்பிக்கும். அது புற்றுநோய்க்கான பாதை.

மூளையில் கதை வேறு. அங்கே நரம்பு செல்கள் வளர்ச்சியின்போது வழக்கத்தைவிடப் பெரிதாகும். கிளைகளும் இணைப்புகளும் கூடுதலாக வரும். மூளை பெரிதாகும், தலையும் பெரிதாகும். 2006-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வில், எலிகளின் மூளையில் சில நரம்பு செல்களில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் மூளை பெரிதானது. மற்ற எலிகளோடு பழகுவது குறைந்தது. சத்தம், தொடுதல் போன்றவற்றுக்கு அதிகமாக மிரண்டன.

அதாவது, ஒரே பிரேக். மார்பகத்தில் பழுதானால் ஒரு விளைவு, மூளையில் பழுதானால் வேறொரு விளைவு.

இரண்டு பாதைகளும் சந்தித்த 2005

தலை பெரிதாக இருந்த, ஆட்டிசம் உள்ள 18 பேரின் பி-டென் மரபணுவை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. அவர்களில் 3 பேருக்கு அந்த மரபணுவில் மாற்றம் இருந்தது. இதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், கௌடன் சிண்ட்ரோமைப் பல வருஷமாக ஆராய்ந்துவந்த மருத்துவர் சாரிஸ் எங்.

1943-ல் கேனர் எழுதிவைத்த பெரிய தலைக் குறிப்புக்கு, குறைந்தபட்சம் சில குழந்தைகளைப் பொறுத்தவரை, காரணம் கிடைத்துவிட்டது. இன்று, ஆட்டிசத்தோடு தலைச் சுற்றளவும் வயதுக்குரிய அளவைவிட மிக அதிகமாக இருந்தால் பி-டென் பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது.

சரி, ஒரே மரபணு ஒருவருக்கு ஆட்டிசத்தையும் இன்னொருவருக்குப் புற்றுநோயையும் ஏன் கொடுக்குது? ஆராய்ச்சியாளர்களை இன்னும் குடையும் கேள்வி இது. மரபணு முழுசாகச் செயலிழந்தால் புற்றுநோய் பக்கமும், பாதி வேலை செய்தால் ஆட்டிசம் பக்கமும் சாய்வதாக ஒரு போக்கு தெரிகிறது. ஆனால், அது சட்டம் இல்லை. ஒருவருக்கே இரண்டும் வரலாம், இரண்டுமே வராமலும் போகலாம். கூடவே இருக்கும் மற்ற மரபணு மாற்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

'ஆக்ரோஷமான' மார்பகப் புற்றுநோய் என்றால்?

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், 'ஹெர்-2' என்ற புரதம் ஆகிய மூன்றும் கட்டியில் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். இவை இருந்தால், அவற்றைக் குறிவைத்து மருந்து கொடுக்கலாம். மூன்றுமே இல்லாவிட்டால், அதுதான் 'டிரிபிள் நெகட்டிவ்'. வேகமாக வளரும், சீக்கிரம் பரவும், இளம் வயதுப் பெண்களை அதிகம் தாக்கும்.

உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவிகிதம் இந்த வகை. இந்திய ஆய்வுகளில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 2022-ம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுமார் 98,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

பரம்பரையாக வரும் டிரிபிள் நெகட்டிவ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 'பி.ஆர்.சி.ஏ-1' மரபணு. அது 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் காட்டியவர் மேரி-கிளேர் கிங். 2013-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி தனக்கு இந்த மாற்றம் இருப்பதைச் சொல்லி, மார்பகங்களை முன்கூட்டியே நீக்கிக்கொண்டதை வெளிப்படையாக எழுதிய பிறகு உலகமே இதைப் பற்றிப் பேசியது.

பி-டென் அந்த அளவுக்குப் பிரபலம் இல்லை. ஆனால், டிரிபிள் நெகட்டிவ் கட்டிகள் பலவற்றுக்குள் பி-டென் பிரேக் காணாமல் போயிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. கட்டிக்குள் மட்டும் மரபணு பழுதாவது வேறு. அது அந்தக் கட்டியோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே உடம்பு முழுக்க மாற்றம் இருப்பது வேறு. குடும்பத்தில் தொடர்வது இந்த இரண்டாவது வகைதான்.

85 என்ற எண்

பிறவியிலேயே பி-டென் மாற்றம் உள்ள பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 85 சதவிகிதம் வரை இருக்கலாம் என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு முன்பு இருந்த கணக்கு 25 முதல் 50 சதவிகிதம்.

85 என்றதும் பகீர்னு இருக்கும். கொஞ்சம் பொறுங்க. ஏற்கெனவே நோய் வந்து மருத்துவமனைக்குப் போனவர்களையே அதிகம் சேர்த்துக் கணக்கிட்டால், எண் உயர்ந்துதான் வரும். உண்மையான அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், சாதாரண வாய்ப்பைவிட இது பல மடங்கு அதிகம். தைராய்டு, கருப்பையின் உட்சுவர், சிறுநீரகம், பெருங்குடல் புற்றுநோய்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்களுக்கும்தான். அப்பாவிடமிருந்தும் இந்த மாற்றம் குழந்தைக்கு வரலாம் என்பதை மறந்துடாதீங்க.

அப்போ ஆட்டிசம் இருந்தா கேன்சர் வருமா?

இதற்கு ஆச்சர்யமான பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களிடம் புற்றுநோய் தொடர்பான மரபணுக்களில் அரிய மாற்றங்கள் அதிகம் இருந்தன. ஆனால், அந்த மருத்துவமனைப் பதிவுகளில் அவர்களில் 1.3 சதவிகிதம் பேருக்குத்தான் கட்டிகள் பதிவாகியிருந்தன. ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் அது 3.9 சதவிகிதம்.

பிறகு ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடோ பிறவிக் குறைபாடோ சேர்ந்து இருந்தவர்களிடம் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடியிருந்தது. ஆக, 'ஆட்டிசம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பின்னால் எந்த மரபணு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மருந்து வந்துடுச்சா?

புற்றுநோய்ப் பக்கம் ஒரு நல்ல செய்தி. 'காபிவாசெர்டிப்' என்ற மருந்துக்கு 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. கட்டிக்குள் பி-டென் உள்ளிட்ட மூன்று மரபணுக்களில் ஒன்று மாறியிருந்தால் இது பயன்படும். பிரேக் போன பாதையில், அதற்கு அடுத்த கட்டத்தில் இந்த மருந்து வண்டியை நிறுத்துகிறது. ஆனால், இந்த அனுமதி முற்றிய நிலையில் உள்ள ஹார்மோன் ஏற்பி இருக்கும் வகைக்குத்தான், டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு இல்லை.

ஆட்டிசம் பக்கம் நிலைமை வேறு. எலிகளில் 'ராபமைசின்' என்ற மருந்து நல்ல மாற்றம் காட்டியது. அதன் உறவுக்கார மருந்தான 'எவரோலிமஸ்', பி-டென் மாற்றம் உள்ள மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது பாதுகாப்பாக இருந்தது, ஆனால் எதிர்பார்த்த முக்கிய பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. 'ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து' என்று யாராவது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு அனுப்பினால் நம்பாதீங்க. ஆட்டிசம் ஒரு வளர்ச்சி சார்ந்த வேறுபாடு. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, புரிந்துகொள்ளும் பள்ளி, புரிந்துகொள்ளும் குடும்பம்... இவைதான் இன்றைக்கும் அந்தக் குழந்தைகளுக்குக் கைகொடுக்கின்றன.

யாரெல்லாம் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்?

* ஆட்டிசம் அல்லது வளர்ச்சித் தாமதத்தோடு, தலைச் சுற்றளவும் வயதுக்குரிய அளவைவிட மிக அதிகமாக இருக்கும் குழந்தையின் பெற்றோர்.

* பெரிய தலை, முகத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள், ஈறிலும் நாக்கிலும் கூழாங்கல் பரப்பினாற்போன்ற மேடுகள், தைராய்டு கட்டி... இவற்றில் பலவும் சேர்ந்து இருப்பவர்கள்.

* குடும்பத்தில் மார்பகம், தைராய்டு, கருப்பைப் புற்றுநோய்கள் இளம் வயதிலேயே வந்தவர்கள்.

* டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள். இவர்களுக்கு பி.ஆர்.சி.ஏ உட்பட பல மரபணுக்களைச் சேர்த்துப் பரிசோதிப்பது வழக்கம்.

தலை பெரிதாக இருந்தாலே பிரச்னை என்று எடுத்துக்காதீங்க. பல குடும்பங்களில் அது வெறும் குடும்பச் சாயல்தான்.

டெஸ்ட் எடுக்கும் முன்...

எச்சில் சாம்பிள் அனுப்பினால் 'உங்க ஜாதகத்தையே சொல்கிறோம்' என்ற ரீதியில் வரும் ஆன்லைன் விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. முதலில் மரபணு ஆலோசகரையோ மருத்துவ மரபியல் நிபுணரையோ பாருங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஆலோசனை கிடைக்கும்.

பொதுவாக, அறிகுறி உள்ளவருக்குத்தான் முதலில் பரிசோதனை. குழந்தைக்கு மாற்றம் உறுதியானால், அடுத்து அம்மா, அப்பா இருவருக்கும். சில குழந்தைகளுக்கு இது புதிதாகத் தோன்றிய மாற்றமாக இருக்கும். பெற்றோர் யாருக்கும் இருக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு 50 சதவிகிதம். அப்போது சித்தி, மாமா என உறவுகளுக்கும் சொல்ல வேண்டிவரும்.

ரிசல்ட்டில் 'முக்கியத்துவம் தெளிவாகத் தெரியாத மாற்றம்' என்று வரவும் வாய்ப்பு உண்டு. அது பாசிட்டிவ் இல்லை. அதை வைத்து ஆபரேஷன் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கக் கூடாது.

பாசிட்டிவ் என்று வந்தால்?

இங்கேதான் இந்தத் தகவலின் மதிப்பே இருக்கிறது. பி-டென் மாற்றம் உள்ள பெண்கள் 18 வயதிலிருந்தே தங்கள் மார்பகத்தில் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று கவனிக்கவேண்டும். 25 வயது வாக்கிலிருந்து டாக்டரிடம் முறையான பரிசோதனை. 30 வயதிலிருந்து, குடும்பத்தில் இளம் வயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால் அதற்கும் முன்பிருந்தே, வருஷம் ஒருமுறை மேமோகிராம், எம்.ஆர்.ஐ. குழந்தைகளுக்கும் 7 வயதிலிருந்து தைராய்டு ஸ்கேன். இவை சர்வதேச வழிகாட்டுதல்கள். உங்களுக்கு எது, எப்போது என்பதை உங்க டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஓர் உதாரணத்துக்கு, 32 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். பேச்சுப் பயிற்சி, ஸ்கூல் அட்மிஷன் என்று மகனுக்காகவே ஓடிக்கொண்டிருக்கிறார். தன் உடம்பைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை. மகனின் தலையை அளந்த டாக்டர் சந்தேகப்பட்டு டெஸ்ட் எழுத, மாற்றம் அம்மாவிடமிருந்து வந்தது என்று தெரிகிறது. 'என்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு' என்று அவர் உடைந்துபோகலாம். வீட்டில் யாராவது அதையே வாய்விட்டும் சொல்லலாம்.

அங்கேதான் பக்கத்தில் இருப்பவர்கள் பேசணும். மரபணுவை யாரும் கடையில் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. அந்த அம்மாவுக்கே அது யாரிடமிருந்தோ வந்ததுதான். பழி போட இதில் யாரும் இல்லை. ஆனால், காப்பாற்ற ஒரு உயிர் இருக்கிறது. கட்டி கையில் தட்டுப்படும் முன்பே எம்.ஆர்.ஐ-யில் கண்டுபிடித்துவிட்டால், எவ்வளவு ஆக்ரோஷமான புற்றுநோயாக இருந்தாலும் ஜெயிக்கும் வாய்ப்பு கூடும். அந்த வாய்ப்பை அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்தது மகன்தான்.

அடுத்த முறை டாக்டர் உங்க குழந்தையின் தலையைச் சுற்றி டேப்பை வைக்கும்போது, அந்த எண்ணையும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்க. கூடவே, உங்களுக்கான பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தால், அதற்கும் ஒரு தேதி குறிச்சுடுங்க.